ஆறடிக் கடல்

எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கண்ணாடிக் கதவு மாட்டுகிறார்கள். மகளின் யோசனை. குளிக்கிறவனைக் காட்சிப் பொருளாக்க எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டேன். “மங்கல் கண்ணாடிதான்ப்பா, உங்கள யாரும் பாக்க ஆசப்படல” என்று வாயை அடைத்துவிட்டாள். நேற்றுக் காலை வேலைக்காரர் கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் பசையைப் பிதுக்கினார். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதன் மூக்கிலிருந்து பற்பசை போல வெள்ளையாக வந்தது. வினிகர் பாட்டிலைக் கீழே போட்டு உடைத்த மாதிரி ஒரு புளித்த வாடை கூடம் வரைக்கும் வந்து, காப்பி குடித்துக்கொண்டிருந்த என் மூக்கில் ஏறியது.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். “வாடை ஒத்துக்கலையாப்பா?” என்று மகள் பின்னாலேயே வந்தாள். ஆமாம் என்றேன். அது பொய். பொய் சொல்வதில் எனக்கிருக்கும் சரளம் உனக்குத் தெரியாததல்ல.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்திருந்தேன். கூட்டத்தின் பின்னால், செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்றேன். எந்தச் சாவு வீட்டிலும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர்வம்பு பேசுகிற ஆள் நான். அன்றைக்கு ஒருவரிடமும் பேசவில்லை. மாரடைப்பில் போன நண்பனுக்காக நெஞ்சு அடைத்து நிற்கிறான் என்று நினைத்திருப்பார்கள். நல்ல பெயர் எனக்குச் சும்மாவே வந்து சேரும், எப்போதும்.

அந்தப் பசையை நான் முதன்முதலில் முகர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில், டவுனில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில். நீ தரையில் மண்டியிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கண்ணாடிகள் சேரும் மூலையில் பசையை இழுத்துக்கொண்டிருந்தாய். நான் விசிறியால் உனக்கு வீசுகிறேன் என்று சொல்லி எனக்கு வீசிக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்ததும் நான் அப்பாவின் பாத்திரக் கடையில் போய் உட்கார்ந்தேன். நீ காயல்பட்டினத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போலப் பெட்டி கட்டினாய். துபாயில் உனக்கு வாய்த்த வேலையைப் பற்றி நம் செட்டில் நான் பரப்பாத கதையில்லை. பணக்கார அரபிகளின் வீட்டில் கடல் தொட்டி வைத்துப் பராமரிக்கிற கம்பெனி. “நம்மாளு அங்கன மீனுக்குக் குண்டி கழுவி விடுதான்வே” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நாலு வருஷம் கழித்து நீ மூன்று மாத விடுப்பில் வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஆல்பத்தைத் திறந்தாய். சிரிப்பு அடங்கிவிட்டது.

கல் பூத்துக் கிடந்தது. ஊதாவும் பச்சையுமாக, காற்றில் அசைகிற மாதிரி தண்ணீரில் அசைகிற பூக்கள். அவை பூவும் இல்லை, செடியும் இல்லை, பிராணிகள் என்று நீ சொன்னாய். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், கடல் சாமந்திக்குள் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. “மத்த மீனு தொட்டா அது கொட்டிரும். இவன மட்டும் ஒண்ணும் செய்யாது. சம்பந்தி உறவு” என்றாய்.

எனக்கு அப்போது அவசரமாக ஒரு பெருமை தேவைப்பட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம். என் சகலை இருபத்தொன்பது இஞ்சுக் கலர் டி.வி. வாங்கியிருந்தான். மாமனார் வீட்டில் எந்தப் பேச்சும் அந்த டி.வி.யில் போய்த்தான் முடிந்தது.

“தொட்டி எவ்வளவு நீளம்லே வைக்கலாம்?”

“ஆறடி. அதுக்குக் குறைஞ்சா நம்ம வெயிலுக்குத் தாங்காது.”

“ஆறடின்னா எழுவத்திரெண்டு இஞ்சு. அவன் செத்தான்.”

நீ சிரித்தாய். அப்புறம் ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: “எனக்கும் இது வேணும்லே. நம்ம ஊருல ஒரு வீட்டுல பண்ணிக் காட்டிட்டேன்னா நாலு பேரு கேப்பாங்க. பேட்டையில சின்னதா ஒரு ஷெட்டு பாத்து வச்சிருக்கேன். ரெண்டு வேலை கையில வந்துட்டா போதும், நான் திரும்பப் போவமாட்டேன். புள்ள என்னையத் தெரியலங்கா.”

உன் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நடுவில் ஒரு தடவை கல்யாணத்துக்கு வந்து போனதோடு சரி, அவள் பிறக்கும்போது நீ அங்கே. பேசிப் பதிவு செய்த கேசட்டுகளைத்தான் மாதாமாதம் அனுப்பினாய். நீ நேரில் வந்து நின்றதும் அவள் பயந்து ஓடி, டேப்ரெக்கார்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “இதுதான் எங்க வாப்பா” என்றாளாம். அதையும் நான் நாலு இடத்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நீ அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆக, எனக்குச் சகலையை ஜெயிக்க வேண்டும். உனக்கு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே தொட்டி.

பேட்டைப் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, துரு ஏறாத சாயம் இரண்டு தடவை பூசி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். எண்ணூறு கிலோ நிற்க வேண்டும் என்று கூடத்துத் தரையையே தட்டிப் பார்த்தாய். கண்ணாடி ஒட்டி ஒரு வாரம் காய வைத்தாய். அப்புறம் நல்ல தண்ணீர் நிரப்பி மூன்று நாள் ஒழுகுகிறதா என்று பார்த்தாய். அந்த மூன்று நாளும் ஓரங்களில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

கடல் தண்ணீருக்கு நான் சொன்ன வழி சுலபமானது. கரையில் நின்று வாளியில் மொண்டு வா. நீ ஒப்பவில்லை. வள்ளத்தில் வெகுதூரம் உள்ளே போய், தண்ணீர் நீலமாக இருக்கிற இடத்தில், நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களில் எடுத்தாய். வாந்தி எடுத்துக்கொண்டே எடுத்தேன் என்றாய். காயல்காரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை வைத்து நான் ஒரு வாரம் பிழைத்தேன்.

கடலடியில் எடுத்த பவளக் கல்லைத் தூத்துக்குடிப் பக்கத்து மீன்காரர்களிடம் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, டெம்போவில் கொண்டுவந்தாய். இன்றைக்கு அந்தக் கல்லைத் தொட்டால் வனத்துறை பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அதைச் சுண்ணாம்புக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள், கேட்பாரில்லை. தொட்டிக்குள் கற்களை நீ அடுக்கிய விதத்தை நான் மறக்கவில்லை. ஒன்றை வைப்பாய், பத்தடி தள்ளி வந்து பார்ப்பாய், போய் அதையே எடுத்துத் திருப்பி வைப்பாய். பிளாஸ்டிக் குழாயை அறுத்து நீயே செய்த கருவி ஒன்று, தண்ணீரிலிருந்த அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கிண்ணத்தில் தள்ளியது. உப்பின் அளவு பார்க்க நீ ஒரு கண்ணாடிக் குச்சியை மிதக்க விட்டாய். எங்கள் வீட்டுப் பால்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் பாலைச் சோதிக்கத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து மறுநாளிலிருந்து கெட்டிப் பாலாக ஊற்றினார். அந்தத் தொட்டியால் எங்கள் வீட்டுக்கு விளைந்த நிலையான நன்மை அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மீன் விடக் கூடாது என்றாய். கல்லிலிருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் தண்ணீரைப் பழக்க வேண்டுமாம். வெறும் கல், வெறும் தண்ணீர், மேலே எட்டு டியூப் லைட். ஊரே வந்து பார்த்தது. பக்கத்துக் கடை இரும்பு வியாபாரி அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

“மீனு எங்கவே?”

“இன்னும் விடல அண்ணாச்சி.”

“பின்னே இதுல என்னத்தப் பாக்குதீரு?”

“கல்லு.”

“கல்லுக்குக் கரண்டு செலவழிக்கிய ஒரே ஆளு இந்த ஜில்லாவுலயே நீருதான்வே” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனார் வீட்டிலிருந்து சகலை வந்தான். டி.வி.க்கு ரிமோட் வைத்து மாற்றுகிற மாதிரி தொட்டிக்கு நேரே கட்டைவிரலை அழுத்திக் காட்டினான். நான் உன்மேல் பாய்ந்தேன். நாளைக்கே மீன் விடு என்றேன்.

“பைய நடக்கும்லே. கடல அவசரப்படுத்துனா அது நம்மளப் பழி வாங்கிரும்” என்றாய்.

அந்த நாட்களில்தான் நீ எனக்குத் தொட்டியின் சட்டதிட்டங்களைச் சொன்னாய். சோப்புக் கையோடு தொடாதே. கொசு மருந்து அடிக்காதே. தண்ணீர் வற்றினால் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் மட்டும் ஊற்று. “எல்லாத்தையும் விட முக்கியம், உலோகம் எதுவும் உள்ள போவக்கூடாது. இரும்பு, பித்தள, செம்பு, எதுவும். மோதிரத்தக் கூடக் கழட்டிட்டுத்தான் கையை விடணும். அதுலயும் செம்பு ஆகவே ஆகாது.”

“பாத்திரக் கடைக்காரன்ட்ட வந்து சொல்லுதான் பாரு. கடைய மூடிறட்டா?” என்றேன். சிரித்தோம். உன் சட்டங்களில் எதைச் சிரித்துக் கடந்தேனோ அது மட்டும் என் மண்டையில் நிற்கவில்லை.

நிற்கவும் வழியில்லை. செம்பு எங்கள் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. செம்புக் குடத்தில் வைத்த தண்ணீர் கெடாது, செம்புத் தண்ணீர் குடித்தால் வயிறு சுத்தமாகும், பிணி அண்டாது என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்லி விற்றவன் நான். ஆற்றுத் தண்ணீரை ராத்திரி செம்பில் ஊற்றி வைத்துக் காலையில் குடித்து வளர்ந்த உடம்பு. செம்பு தண்ணீருக்கு ஆகாது என்பது, பால் பிள்ளைக்கு ஆகாது என்பது மாதிரி என் காதில் விழுந்திருக்கும்.

ஆறாவது வாரம் கோமாளி மீன் ஜோடி வந்தது. கடல் சாமந்தி வந்தது. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட இறால்கள் நான்கு. அவை மீன்களின் வாய்க்குள்ளேயே போய்ச் சுத்தம் செய்துவிட்டு வந்தன. கல்லில் இருந்த மொட்டுக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அண்ணாச்சி தினமும் கடை அடைத்ததும் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். சகலை குடும்பத்தோடு வந்தான். அவன் பிள்ளை தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்று அழுதது. என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

அப்படிக் கேள்விப்பட்டு வந்தவர்தான் பாளையங்கோட்டை எலும்பு டாக்டர். புது ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார். வரவேற்புக் கூடத்தில் பன்னிரண்டடிக்கு ஒன்று வேண்டும், நோயாளிகள் வலி மறந்து உட்கார்ந்திருப்பார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மனைவியைக் கூட்டிவந்து காட்டி, அங்கேயே முடிவு செய்துவிடலாம் என்றார். அவருக்குத் தெரிந்த இன்னொருவர் லாட்ஜில் ஒன்று வைக்கப் பார்க்கிறாராம். நீ அவர் முன்னால் ரொம்ப நிதானமாகப் பேசினாய். அவர் கார் கிளம்பியதும் என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

“லே, ரெண்டு வேலை! விசாவத் தூக்கி அடுப்புல போட்டுரலாம்லே!”

வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்பினாய். வெள்ளி ஜும்மா முடித்து, வீட்டில் விஷயத்தைச் சொல்லி, ஞாயிறு முதல் பஸ்ஸில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். அவள் அப்போது உன் இடுப்பில் ஏறத் தொடங்கியிருந்தாள். “மீனு காட்டுதேன்னு சொன்னேன், வாரேன்னுட்டா” என்றாய். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பி, “ஒண்ணும் செய்யாத. சும்மா இரு. அதுதான் உனக்கு வேல” என்றாய்.

சும்மா இருப்பது உலகத்திலேயே கஷ்டமான வேலை என்று எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது.

டாக்டர் வருகிறார், ஊரின் பெரிய மனிதர்கள் பின்னாலேயே வரப்போகிறார்கள். எல்லோரும் என் வீட்டுத் தொட்டியைப் பார்க்கப் போகிறார்கள். அதில் என்னுடையது என்று என்ன இருக்கிறது? கல் உன்னுடையது, தண்ணீர் உன்னுடையது, அடுக்கு உன்னுடையது. இடது மூலையில், மணல் மேல், ஒரு இடம் வெறுமையாக இருந்தது. நீ கவனமாக விட்ட வெற்றிடம் அது. அங்கேதான் மீன்கள் திரும்பும். எனக்கு அது காலி மனையாகத் தெரிந்தது. கடையிலிருந்து நடுத்தரமான செம்புக் குடம் ஒன்றை எடுத்து வந்தேன். கழுத்தைச் சுற்றி எங்கள் கடைப் பெயர் பொறித்தது. புளி போட்டுத் தேய்த்து, விளக்கில் காட்டினால் கண் கூசுகிற மாதிரி விளக்கி, சட்டைக் கையை மடித்து, அந்த மூலையில் பாதி சாய்த்து, பெயர் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். புதையல் மாதிரி இருந்தது. கோமாளி மீன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தண்ணீருக்கும் நல்லதுதானே என்று வேறு நினைத்துக்கொண்டேன். மோதிரத்தை மட்டும் ஞாபகமாகக் கழற்றி வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு டியூப் லைட்டைப் போட்டேன். இறால்கள் நான்கும் மல்லாந்து கிடந்தன. கடல் சாமந்தி சுருங்கி, நைந்த துணி மாதிரி கல்லிலிருந்து கழன்று தொங்கியது. விரிந்திருந்ததெல்லாம் மூடிக்கொண்டு, சில இடங்களில் வெள்ளையாகச் சளி மாதிரி வடிந்துகொண்டிருந்தது. ஒரு கோமாளி மீன் மேலே மிதந்தது. இன்னொன்று அதன் பக்கத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. குடம் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி தகதகவென்றிருந்தது.

கையை விட்டுக் குடத்தை எடுத்தேன். துடைத்தேன். பரண் மேல், பழைய பாய்களுக்குப் பின்னால் வைத்தேன். இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. யோசித்துத்தான் செய்தேன். பாயை இழுத்து மூடினேனே, அதற்கு யோசனை வேண்டாமா?

எட்டரைக்கு நீ வந்தாய். மகள் உன் தோளில் இருந்தாள். ரோஸ் கவுன், கண்ணில் மை. “மீனு, மீனு” என்று கையை நீட்டினாள். நீ கூடத்தில் கால் வைத்ததும் வாடை உனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, மண்டியிட்டாய். உப்பைப் பார்த்தாய். சூட்டைப் பார்த்தாய். காற்றுக் குழாயை முகர்ந்தாய். “மருந்து அடிச்சியா?” இல்லை. “கரண்டு போச்சா?” இல்லை. “தண்ணி ஊத்துனியா?” இல்லவே இல்லை. நீ கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் உண்மையைச் சொன்னேன், பார். கேட்காத ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு டாக்டர், மனைவி, கூட வந்த லாட்ஜ்காரர், கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்த அண்ணாச்சி. நீ தொட்டி முன்னால் சட்டை நனைந்து நின்றாய். டாக்டர், “என்னப்பா இது?” என்றார். நீ உப்புக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாய். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரன் நான்தானே.

“காயல்பட்டினத்துக் கடலு பாருங்க டாக்டர், ஊரு நெனப்பு வந்து உசுர விட்டுருச்சு” என்றேன்.

சிரித்தார்கள். அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார். டாக்டர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் டாக்டர் நிஜமாகக் கேட்டார்: “உண்மையில என்ன காரணம்?”

அந்த இடத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஒரு மூச்சு நேரம். பரணைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“தண்ணி சரியில்லன்னு நெனைக்கேன் டாக்டர். எங்கன மொண்டானோ, என்னமோ” என்றேன்.

வள்ளத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே நீ கொண்டுவந்த தண்ணீர்.

டாக்டர் தலையாட்டினார். நல்ல மனிதர், உன்னைத் திட்டவில்லை. “ஆஸ்பத்திரில வந்து ஒக்காந்திருக்கவன் கண்ணு முன்னால மீனு செத்து மெதந்தா அவன் என்னப்பா நெனப்பான்?” என்று மட்டும் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். போய்விட்டார்கள். உன் மகள் தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, “மீனு தூங்குதா வாப்பா?” என்றாள். நீ, “ஆமாம்மா” என்றாய்.

சாயங்காலம் வரை நீ தனியாகத் தொட்டியைக் காலி செய்தாய். நான் உதவ வந்தபோது, இடது மூலை மணலில் வட்டமாக ஒரு பதிவு இருந்ததைப் பார்த்தேன். குடத்தின் அடி. நீயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் உள்ளங்கையால் அதை நிரவிவிட்டாய். “இந்தக் கல்லு இனி ஆவாதுலே. எத்தன கழுவுனாலும் போவாது. இதுல திரும்ப ஒண்ணும் வளராது. எல்லாத்தையும் தூரப் போட்டுரு” என்றாய். அலுப்பில் சொல்கிறாய் என்று நினைத்தேன். மணலைப் பார்த்துவிட்டாயோ என்று பயந்தேன். நீ ஒன்றும் கேட்காததால், பார்த்தும் புரியவில்லை என்று முடிவு கட்டி நிம்மதியானேன். இருபதாம் நாள் நீ விமானம் ஏறினாய்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? ‘என் சிநேகிதன் ஒரு கடலைக் கொன்ற கதை’ என்று அதையே மெருகேற்றினேன். கல்யாண வீடுகளில் கேட்டார்கள், கிளப் விருந்துகளில் கேட்டார்கள். பாத்திரக்கடைக்காரன் நகைச்சுவைப் பேச்சாளன் ஆனதும், பத்திரிகைகளில் பத்தி எழுதுகிறவன் ஆனதும் அந்தக் கதையில் ஆரம்பித்துத்தான். உன் பெயரைச் சொன்னதில்லை. ‘காயல்காரன்’ என்பேன். டாக்டர் கேட்கும்போது அவன் முழிக்கிற முழியை நடித்துக் காட்டுவேன். அந்த இடத்தில் கூரை பிய்த்துக்கொள்ளும்.

ஒரு தடவை நீ விடுப்பில் வந்திருந்தபோது, என் தங்கை மகள் கல்யாணத்தில், பந்தி முடிந்து, வெற்றிலையோடு சூழ்ந்து உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். உன்னைப் பார்த்தேன். “சொல்லுலே” என்றாய். சொன்னேன். முழிக்கிற முழி வந்தது; கொஞ்சம் குறைத்து நடித்தேன். நீ எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்து, கையைத் தூக்கி, “அந்தக் காயல்காரன் நான்தான்வே” என்றாய். ஆரவாரம். எவ்வளவு பெருந்தன்மையானவன் என்று உன்னை மெச்சிக்கொண்டேன், ஏதோ உன் தவறை நீயே ஒத்துக்கொண்டுவிட்ட மாதிரி.

அதற்குப் பல வருஷம் கழித்து மதுரையில் ஒரு வண்ண மீன் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். வாய் சும்மா இருக்குமா? கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். கடல் தொட்டிக்கு முதல் எதிரி செம்பு என்றார். இறாலும் பவளமும் ஒரு நாள் தாங்காது என்றார். “ஒருதடவ செம்பு பட்டுச்சுன்னா கல்லு அதை உறிஞ்சி வச்சுக்கிடும் சார். எத்தனை கழுவினாலும் போகாது. அந்தக் கல்லைத் தூரப் போட வேண்டியதுதான்.”

உன் வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

மழை விட்டதும் நான் கிளம்பவில்லை. அன்றைக்கு மணலை நிரவிய உன் கை எனக்குத் தெரிந்தது. நீ அந்தச் சாயங்காலமே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாய். கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன். மறுத்தால் நம் சிநேகம் அங்கேயே முடிந்திருக்கும். இரண்டில் ஒன்று போகட்டும் என்று ஊரில் கிடைக்கவிருந்த வேலையை விட்டுவிட்டாய். அந்த ‘நான்தான்வே’யை வேறு எப்படி எடுத்துக்கொள்வது? உன் எண் என் கைபேசியில் இருந்தது. அன்றைக்குக் கூப்பிட்டிருக்கலாம். நீ ஊருக்கே திரும்பி வந்த பிறகாவது வந்திருக்கலாம். ஒன்றரை மணி நேர பஸ். நேரில்தான் சொல்ல வேண்டும், நல்ல நாளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே தள்ளிப்போட்டேன். உன் மூச்சு நின்ற செய்தி எனக்கு அண்ணாச்சி மகன் மூலம் வந்தது.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி வெளி ஆண்களைப் பார்க்காத இத்தா துக்கத்தில் இருந்ததால் பார்க்கவில்லை. உன் மகள்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறாளாமே. நெற்றியும் மூக்கும் உன்னுடையவை, பார்க்க முடியவில்லை. டீ கொடுத்துவிட்டு, “மாமா, அந்தக் கடல் கதைய ஒரு தடவ சொல்லுங்களேன். வாப்பா சொன்னா எங்களுக்குச் சிரிப்பு வராது. ‘உங்க மாமா வாயால கேக்கணும்மா’ன்னு சொல்லுவாங்க” என்றாள்.

சொன்னேன்.

உன் வீட்டில், உன் நாற்காலிக்கு எதிரே, அதே பொய்யோடு, முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். முழிக்கிற முழியை மட்டும் விட்டுவிட்டேன். சிரித்தாள், சிரித்துக் கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே, “சின்னப் புள்ளையில ஏன் எங்கள விட்டுட்டுப் போறீங்கன்னு அழுவேனா? ‘நான் கடலக் கொன்னுட்டேம்மா, அதான் இங்கன எனக்கு வேல இல்ல’ன்னு சொல்லுவாங்க” என்றாள். டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நெசமாவே வாப்பாவுக்கு அந்த வேல சரியாத் தெரியாதா மாமா?” என்றாள்.

முப்பது வருஷம் ஒரு நாட்டில் அந்த வேலையைச் செய்து சாப்பாடு போட்டவனின் மகள் அதைக் கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கடலு யாருக்கும்மா அடங்கும்?” என்றேன். தத்துவம்! அவளும் தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டு, “ஏதாச்சும் ஜோக் சொல்லுங்க சார்” என்றார்.

நேற்று மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது இப்போதுதான் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. உன்னை முன்னிலையில் வைத்து எழுதியிருக்கிறேன், உன்னிடம் சொல்வதாக நினைத்தால்தான் கை ஓடியது. உனக்கு இதில் தெரியாதது ஒன்றுமில்லை. தெரியாதவள் அவள்தான். கடிதம் அவளுக்கு. தபாலில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று புத்தி சொல்கிறது. என் புத்தியின் யோக்கியதை தெரிந்ததால் கேட்கப் போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவள் படித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். அவள் எழுந்து போகச் சொன்னால் போவேன்.

ஒருவேளை அவள் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வாயாலேயே சொல்லுங்கள் என்று சொல்லக்கூடும். அதற்குத்தான் நேற்றிலிருந்து ஒத்திகை பார்க்கிறேன், சரியாக வரவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் கதையை ஞாயிற்றுக்கிழமைக் காலையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். இந்தத் தடவை சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.